கொழும்பிலிருந்து வாத்தியத்தோடு விமானம் ஏறுபவர்களுக்கு

மார்கழிக்குச் சென்னை போகும் மாணவர்கள், கோடையில் சுவிஸிலும் இலண்டனிலும் கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கப் போகும் நாதஸ்வர, தவில் கலைஞர்கள், மெல்பேர்ணில் ஓர் அரங்கேற்றத்துக்குப் பக்கவாத்தியமாக அழைக்கப்பட்டவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: வாத்தியத்தை உடையாமல், சண்டையில்லாமல் கொண்டு போவது எப்படி? வீணையோடு கட்டுநாயக்க விமான நிலையத்தில் நான் பட்ட பாட்டை இன்னொருவர் படக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். முதற்பயணம் போகிறவர்களும் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரும் இதை இந்த ஒழுங்கிலேயே செய்யுங்கள். பெரும்பாலான தொல்லைகள் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு வாத்தியத்தைப் பற்றிப் பிறகு யோசிப்பதால் வருகின்றன.

1. பெட்டியோடு அளந்து, பெட்டியோடு நிறுத்துப் பாருங்கள்

வாத்தியத்தின் அளவு யாருக்கும் தேவையில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம், மூன்றின் கூட்டுத்தொகை, வாத்தியத்தோடு சேர்ந்த மொத்த எடை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்கள் பலவற்றில் பொதிக்கு விதிக்கப்படும் எல்லை, மூன்று பக்கங்களையும் கூட்டி 158 சென்டிமீற்றர். வீணைப் பெட்டியின் நீளமே நாலரை அடிக்குக் குறையாது. அதோடு அகலத்தையும் உயரத்தையும் கூட்டினால் 200 சென்டிமீற்றரைத் தாண்டிவிடும். ஆகவே எடை எவ்வளவு குறைந்தாலும் வீணை ‘அளவு மீறிய பொதி’தான். தனியொரு பொதி 32 கிலோவைத் தாண்டினால், நீங்கள் மேலதிகப் பணம் கட்ட ஆயத்தமாக இருந்தாலும் பெரும்பாலும் ஏற்றமாட்டார்கள். தூக்கி ஏற்றும் தொழிலாளரின் முதுகைக் காக்க வைத்த எல்லை அது.

மிருதங்கத்துக்குச் சிக்கல் வேறு. நீளம் இரண்டடி அளவில்தான் இருக்கும், மேலே உள்ள அலுமாரியில் வைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் சாதாரண வகுப்பில் கைப்பொதிக்குப் பல நிறுவனங்கள் தரும் எல்லை 7 கிலோ. பலாமர மிருதங்கம் உறையோடு அதைத் தாண்டிவிடும். கரும பீடத்தில் தராசைக் காட்டுவார்கள். வயலின் பெட்டி எடையில் தப்பும், நீளத்தில் மாட்டும்: 80 சென்டிமீற்றருக்குக் கிட்ட வரும் பெட்டி, 55 சென்டிமீற்றர் என்று எழுதப்பட்ட விதிக்குள் அடங்காது. பல நிறுவனங்கள் வயலினுக்கு விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்கு உங்கள் நிறுவனத்தின் விதிகளில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

2. கையோடா, இருக்கையிலா, அடியிலா?

மூன்று வழிகள்தான் உண்டு: கைப்பொதியாக, தனி இருக்கையில், அல்லது விமானத்தின் அடியில் உள்ள பொதி அறையில். புல்லாங்குழல், மோர்சிங், கஞ்சிரா, வயலின் ஆகியன கையோடு போகலாம். கடத்தையும் முடிந்தவரை கையோடு கொண்டு போங்கள். மானாமதுரைக் கடம் கனமானது என்பதால் எடைக்கு முன்கூட்டியே சம்மதம் கேட்க வேண்டும். நாதஸ்வரத்தின் அடியில் விரியும் அணசைக் கழற்றி, நீண்ட குழலான உலவைத் தனியாகச் சுற்றினால் பெட்டி மெலிதாகும். வாயில் வைத்து ஊதும் சீவாளிகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடியில் போடாதீர்கள். பெட்டி ஒருநாள் பிந்தி வந்தால் வேறொருவரின் நாதஸ்வரத்தைக் கேட்டு வாங்கி வாசித்துவிடலாம், உங்கள் வாய்க்குப் பழகிய சீவாளியை யாரிடம் கேட்பீர்கள்?

இரண்டாவது வழி, வாத்தியத்துக்கென்று ஓர் இருக்கை வாங்குவது. விலையுயர்ந்த வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் இது பொருந்தும். கட்டணம் பெரும்பாலும் இன்னொரு பெரியவரின் டிக்கெட்டுக்குக் கிட்ட வரும். இணையத்தில் உங்கள் பெயரிலேயே இரண்டு இருக்கை வாங்கிவிடாதீர்கள். ஒரே பெயரில் இரட்டைப் பதிவு என்று கண்டு கணினி ஒன்றை நீக்கிவிடக்கூடும். விமான நிறுவனத்தின் அலுவலகத்திலோ நம்பிக்கையான முகவரிடமோ ‘கேபின் பொதிக்கான இருக்கை’ என்று சொல்லிப் பதிய வேண்டும். அந்த இருக்கை யன்னலோரமாக இருக்க வேண்டும், அவசர வழி வரிசையில் இருக்கக் கூடாது. வீணையின் நீளத்துக்குச் சாதாரண வகுப்பு இருக்கை சரிவராது. பெட்டி அடுத்தவரின் வழியை மறைத்தால் ஏற்ற மறுப்பார்கள்.

எனவே வீணையும் தவிலும் பெரும்பாலும் மூன்றாவது வழியான அடிப்பகுதிக்குத்தான் போகும். கையோடு கொண்டு போகும் வாத்தியத்தையும் அடியில் போவதுபோலவே கட்டுங்கள். விமானம் நிரம்பிவிட்டால் ஏறும் வாயிலில் வைத்து அதை வாங்கி அடியில் போட்டுவிடுவார்கள். மெல்லிய துணி உறையோடு வந்தவருக்கு அந்த நேரத்தில் செய்ய ஒன்றும் இராது.

வீணை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அடிக்கடி பயணம் செய்யப் போகிறீர்கள் என்றால், தண்டி (நீண்ட கழுத்து) கழன்று சுருங்கும் பயண வீணைகளையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். நாதத்தில், ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு அது ஈடாகாது என்பது என் எண்ணம். ஆனாலும் சாதகத்துக்கும் வகுப்புக்கும் அது போதும்.

3. டிக்கெட் வாங்கும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஒரு பயணத்தில், விமான நிறுவனம் ஒன்றின் தொலைபேசிச் சேவையில் பேசியவர் “பிரச்சினை இல்லை, கொண்டு வாருங்கள்” என்றார். கரும பீடத்தில் இருந்தவருக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் முன்பதிவில் வீணை என்ற குறிப்பே இல்லை. வரிசை முழுவதும் என்னைக் கடந்து போய், கரும பீடம் மூடும் நேரம் நெருங்கிய பிறகு, அளவு மீறியதற்கும் எடை மீறியதற்கும் தனித்தனியாக அறவிட்டு ஏற்றினார்கள். தொலைபேசியில் கிடைக்கும் சம்மதத்துக்கு விமான நிலையத்தில் மதிப்பில்லை.

மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் பறக்கும் திகதி, வாத்தியம் எது, அது மரமா தோலா, பெட்டியின் மூன்று அளவுகள், எடை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, கட்டணம் எவ்வளவு, முன்கூட்டிக் கட்டலாமா என்று கேளுங்கள். பெட்டியின் புகைப்படம் ஒன்றை இணையுங்கள். சம்மதம் வந்த பிறகு டிக்கெட்டை வாங்கி, முன்பதிவில் அந்தக் குறிப்பைச் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் ஒரு மாத அவகாசமாவது வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு இரண்டு, மூன்று நாள் முன்பு குறிப்பு இன்னும் இருக்கிறதா என்று மறுபடி கேட்டு உறுதி செய்யுங்கள்; விமானத்தின் நேரமோ வகையோ மாறினால் குறிப்பு காணாமல் போவதுண்டு. மேலதிக எடையை முன்கூட்டி இணையத்தில் வாங்கினால், விமான நிலையத்தில் கட்டுவதைவிட மலிவு.

டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் பெயர் இருக்கும், பறப்பது இன்னொரு நிறுவனத்தின் விமானமாக இருக்கும். அப்படியானால் இரு பக்கத்திலும் கேளுங்கள். இரண்டு தனி டிக்கெட்டில் மாறிப் போவது மலிவாகத் தெரிந்தாலும், வீணையோடு போகிறவர் அதைத் தவிர்க்க வேண்டும். நடுவில் இறங்கிப் பொதியை எடுத்து மறுபடி ஒப்படைக்கும்போது கட்டணமும் இரண்டு, ஆபத்தும் இரண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வழியாகச் சென்னை போக நினைப்பவர்கள், அங்கு வருவது சிறிய ஏ.டி.ஆர். வகை விமானம் என்பதை நினைவில் வையுங்கள். மேல் அலுமாரியும் சிறிது, பொதி அறையும் சிறிது.

இன்னொரு விடயம். சிறிய வாத்தியத்தை விமானத்துக்குள் கொண்டுபோக உரிமை உண்டு என்று இணையத்தில் பலர் எழுதுகிறார்கள். அது 2015 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் உள்ள விதி. அமெரிக்க நிறுவனங்களுக்கு மட்டுமே உரியது. அவற்றில் எதுவும் கட்டுநாயக்கவிலிருந்து பறப்பதில்லை. கரும பீடத்தில் அதைக் காட்டி வாதாடிப் பயனில்லை.

4. தோல், தந்தம், மரம்: வீட்டிலேயே ஆராய்ந்து பாருங்கள்

மற்ற எல்லாத் தவறுக்கும் பணம் போகும். இதில் வாத்தியமே போய்விடும்.

கஞ்சிராக் கலைஞர்கள் முதலில் கேளுங்கள். பழைய முறைக் கஞ்சிரா உடும்புத் தோலால் கட்டப்பட்டது. உடும்பு, அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் இருக்கிறது. இலங்கையிலும் இந்தியாவிலும் சட்டத்தால் காக்கப்பட்ட விலங்கு. அந்தக் கஞ்சிராவை விமான நிலையத்துக்கே கொண்டு போகாதீர்கள். ஆட்டுத்தோல் அல்லது செயற்கைத் தோல் கட்டிய கஞ்சிரா ஒன்றைப் பயணத்துக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வீணைகளிலும் தம்புராக்களிலும் தந்த வேலைப்பாடு இருக்கலாம். கம்பியை முறுக்கும் பிரடைகளையும் ஓரப் பட்டைகளையும் கவனியுங்கள். நாதஸ்வரத்தில் சீவாளியோடு தொங்கும் பழைய ஊசி தந்தத்தால் ஆனதாக இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். தந்தம் வாத்தியத்தோடு ஒட்டியிருந்தால், சைட்டீஸ் பத்திரம் இன்றிப் பயணம் செய்யவே கூடாது. இலங்கையில் அதற்குப் பொறுப்பானது பத்தரமுல்லையில் உள்ள வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். அங்கு போவதற்கு, பயணத்துக்கு இரண்டு மாதமாவது முன்பு புறப்படுங்கள். போகும்போது வாத்தியத்தின் புகைப்படங்கள், வாங்கிய பற்றுச்சீட்டு, கடவுச்சீட்டின் பிரதி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போகும் நாட்டின் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம் என்பதால், அந்த நாட்டுத் தூதரகத்திலும் கேட்டுவிடுங்கள்.

கருங்காலி, தோதகத்தி (ரோஸ்வூட்) என்று பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஆறுதல். தோதகத்தி இனங்கள் 2017 தொடக்கத்தில் சைட்டீஸின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது வாத்தியக்காரர்கள் உலகெங்கும் திண்டாடினார்கள். 2019 நவம்பரிலிருந்து, செய்து முடித்த வாத்தியங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்டுவிட்டது. பிரேசில் நாட்டுத் தோதகத்திக்கு மட்டும் இந்தத் தளர்வு இல்லை. அது 1992 முதல் முதலாம் பட்டியலில் இருக்கிறது. பழைய கிதார் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் வீணையும் மிருதங்கமும் தவிலும் பலாமரம். அதில் இந்தச் சிக்கல் இல்லை.

அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் அங்கு நுழையும்போது கொடுக்க வேண்டிய அறிவிப்பில் (அட்டையோ இணையப் படிவமோ) மரம், தோல், மூங்கில், தேன்மெழுகு எதுவாக இருந்தாலும் ‘ஆம்’ என்று குறியிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகாரி பார்ப்பார், பெரும்பாலும் கையில் தந்துவிடுவார். சொல்லாமல் போய் அகப்பட்டால் நியூசிலாந்தில் அந்த இடத்திலேயே 400 டொலர் தண்டம். புறப்படுவதற்கு முன் மிருதங்கத்தின் வார்களுக்கு இடையில் இருக்கும் தூசியைத் துடையுங்கள், தோலில் மயிர் எஞ்சியிருந்தால் அகற்றுங்கள், தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) காய்ந்த ரவைப் பசையைச் சுரண்டி எடுங்கள். மரத்தில் பூச்சி துளைத்த அடையாளம் இருந்தால் அந்த வாத்தியத்தைக் கொண்டு போகாதீர்கள்.

பாட்டியின் வீணை, பாட்டனாரின் தவில் என்று பழையவற்றைக் கொண்டு போகிறவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. இலங்கையிலிருந்து பழம்பொருளை வெளியே கொண்டு செல்லத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உங்களுடையது அந்த வகையில் சேருமா என்பதை அவர்களிடமே கேட்டு எழுத்தில் பெறுங்கள். இந்தியாவில் நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை வெளியே கொண்டு போவது சட்டப்படி தடுக்கப்பட்டது. தஞ்சாவூரில் பழைய வீணை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிட்டுச் சென்னை விமான நிலையத்தில் நிற்காதீர்கள். அது பழம்பொருள் இல்லை என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கிய பிறகு புறப்படுங்கள்.

5. சுங்கத்துக்கும் குடிவரவுக்கும் ஒரு கோவை

ஒரே கோவையில் இவற்றை வையுங்கள்: வாத்தியம் வாங்கிய பற்றுச்சீட்டு (தொலைந்திருந்தால், செய்தவரிடமோ திருத்துபவரிடமோ பெற்ற மதிப்பீட்டுக் கடிதம்), பல கோணப் புகைப்படங்கள், அடையாளக் குறியோ இலக்கமோ இருந்தால் அதன் கிட்டப் படம், அழைப்புக் கடிதம், விமான நிறுவனத்தின் மின்னஞ்சல்.

விலை மிகுந்த வாத்தியத்தைக் கட்டுநாயக்கவில் போகும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டிப் பதிந்துவிடுங்கள். திரும்பும்போது “இது வெளிநாட்டில் வாங்கியதா?” என்ற கேள்விக்கு அந்தத் தாள் பதில் சொல்லும். பெட்டியைப் பொதியில் சேர்த்த பிறகு காட்ட முடியாது. ஆகையால் முதலில் சுங்கம், பிறகு கரும பீடம். ஒலிபெருக்கி, கீபோர்ட் என்று நிறையச் சாமான் கொண்டு போகும் குழுவினர், ஓர் ஆண்டு செல்லுபடியாகும் ஏ.டி.ஏ. கார்னே என்னும் தற்காலிகச் சுங்கப் பத்திரத்தைப் பற்றி விசாரிக்கலாம். தனி ஆளுக்கு அது வீண் செலவு.

குடிவரவில் வாத்தியப் பெட்டியைக் கண்டால் “கச்சேரியா?” என்று கேட்பார்கள். சுற்றுலா வீசாவில் ஊதியம் வாங்கி மேடையேறுவது இந்தியா உட்பட அநேக நாடுகளில் குற்றம். இந்தியாவின் மின் சுற்றுலா வீசாவில் ஆறு மாதத்துக்கு மேற்படாத, சான்றிதழ் தராத குறுகிய இசைப் பயிற்சிக்கு இடமுண்டு. குருவிடம் படிக்கப் போகும் மாணவர்களுக்கு அது போதும். ஊதியக் கச்சேரி என்றால் அதற்குரிய வீசாவை எடுங்கள்.

6. கட்டும் முறை

வீணையின் கம்பிகளைச் சுருதி இறக்குங்கள், முழுவதும் தளர்த்தாதீர்கள். வயலினுக்கு இது இன்னும் முக்கியம்: இழுவிசை முழுவதும் போனால் கம்பிகளைத் தாங்கும் குதிரை விழும், உள்ளே நிற்கும் ஒலித்தூணும் விழும். வில்லின் மயிரைத் தளர்த்துங்கள். வீணையின் சுரைக்காயைக் கழற்றித் தனியாகச் சுற்றிக் கைப்பொதியில் வையுங்கள். பெட்டிக்குள் வாத்தியம் அசையவே கூடாது. யாளி முகத்தின் கீழும், தண்டியின் கீழும், குடத்தைச் சுற்றியும் பருத்திச் சேலைகளை மடித்து அடையுங்கள். பெட்டியை மூடி உலுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டால் திறந்து இன்னும் அடையுங்கள். கடினமான ஃபைபர் கிளாஸ் பெட்டி இல்லாமல் வீணையை அடியில் அனுப்பக் கூடாது.

வீணையின் பெரிய எதிரி வெயில். மெட்டுகள் நிற்பது மெழுகில்; மூடிய வாகனத்துக்குள் மெழுகு இளகினால் மெட்டுகள் நகரும். அதன் பிறகு புதிதாக மேளம் கட்டத்தான் (மெட்டுகளைச் சுருதி பார்த்து மறுபடி பதிக்கத்தான்) வேண்டும், அதற்கு ஆளும் நாளும் வேண்டும்.

மிருதங்கத்துக்குச் சுருதி சேர்க்கத் தட்டும் கல்லும் புள்ளும், தவிற்கழி, திருப்புளி, சுருட்டிய கம்பிகள் ஆகியவை அடிப் பொதியில் போகட்டும்; கைப்பொதியில் ஆயுதம்போல் பார்த்துப் பறித்துவிடுவார்கள். எண்ணெய் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட போத்தலில் இருந்தால் அதுவும் அடியில். இதற்கு மாறாக மின்கலங்கள்: மின்சுருதிப் பெட்டிக்கும் மைக்குக்கும் கொண்டு போகும் உதிரி லித்தியம் மின்கலங்களும் பவர் பாங்க்கும் கைப்பொதியில்தான் போக வேண்டும். தவிலுக்கான விரற்கூடுகளை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கையோடு வையுங்கள்.

பெட்டியின் உள்ளே ஒரு தாள் ஒட்டுங்கள். ‘கம்பி வாத்தியம், மரம், கழுத்தைப் பிடித்துத் தூக்க வேண்டாம், இப்படித் திரும்ப மூடவும்’ என்று ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதி, உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் போடுங்கள். நீங்கள் இல்லாத இடத்தில் பெட்டியைத் திறக்கிறவருக்கு வீணை என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

7. புறப்படும் நாள்

வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ வான் பிடியுங்கள். முச்சக்கர வண்டியை அதிவேகப் பாதையில் விடமாட்டார்கள். நீர்கொழும்பு வீதி நெரிசலில் வாத்தியத்தோடு வெந்து போக நேரிடும். விமானத்துக்கு நான்கு மணித்தியாலம் முன்பு அங்கு நில்லுங்கள். உள்ளே நுழையும்போதே ஸ்கேன் இருக்கும், வாத்தியத்தைத் திறக்கச் சொல்வார்கள். திறந்து மூட நீங்களே முன்வாருங்கள், அமைதியாக விளக்குங்கள். மிருதங்கத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பது அவர்களின் கடமை.

போர்டிங் பாஸ் கையில் கிடைத்துப் பெட்டி உள்ளே போகும்வரை, வழியனுப்ப வந்தவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஏதாவது காரணத்தால் பெட்டியை ஏற்க மறுத்தால் அதைத் திருப்பிக் கொண்டு போக ஓர் ஆள் வேண்டும்.

கரும பீடத்தில் அவர்கள் கண்முன்னே பெட்டியைத் திறந்து ஒரு படம், மூடி ஒரு படம் எடுங்கள். ‘உடையக்கூடியது’ என்ற ஒட்டியைக் கேட்டு வாங்குங்கள். சில வேளை, சேதத்துக்குப் பொறுப்பில்லை என்ற சீட்டில் கையெழுத்துக் கேட்பார்கள். வாசிக்காமல் போடாதீர்கள், பெட்டி சரியாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி அந்த வரியை அடிக்க முடியுமா என்று கேளுங்கள். அளவு மீறிய பொதியைச் சாதாரணமாகப் பொதிகள் ஓடும் பட்டையில் விடாமல் தனி வழியில் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

8. இறங்கிய இடத்தில்

பட்டையில் வராவிட்டால் பதறாதீர்கள். அளவு மீறிய பொதிகள் வருவதற்கு வேறு கதவு இருக்கும். பெட்டியை வாங்கியதும், சுங்கத்தைத் தாண்டும் முன் திறந்து பாருங்கள். கீறலோ உடைவோ தெரிந்தால் அங்கேயே பொதி முறைப்பாட்டுப் பீடத்தில் அறிக்கை எழுதி, பிரதி வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். மொன்றியல் உடன்படிக்கைப்படி, சேதமான பொதிக்கு அது கையில் கிடைத்து 7 நாளுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பிந்தி வந்த பொதிக்கு 21 நாள். வழக்கென்றால் இரண்டு ஆண்டு. நட்டஈட்டின் உச்ச எல்லை, 2024 டிசம்பர் 28 முதல் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர். உங்கள் வாத்தியம் அதைவிட விலை கூடியது என்றால், பொதியை ஒப்படைக்கும்போதே அதன் பெறுமதியை அறிவித்து மேலதிகக் கட்டணம் செலுத்த அந்த உடன்படிக்கையில் வழியுண்டு. அல்லது வாத்தியத்துக்கென்று தனிக் காப்புறுதி எடுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் ஒரு பொருளுக்கான உச்சத்தொகை மிகச் சிறிதாக இருக்கும், கையெழுத்திடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

தங்குமிடம் போனதும் உடனே சுருதி ஏற்றாதீர்கள். விமானத்தின் அடியில் குளிர்ந்து வறண்டு வந்த மரமும் தோலும் அந்த அறையின் காற்றுக்குப் பழக வேண்டும். பெட்டியை மூடியபடியே சில மணித்தியாலம் வைத்து, பிறகு திறந்து, கம்பிகளைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) சுருதி கூடியிருக்கும் அல்லது இறங்கியிருக்கும். அடுத்த நாள் காலை மறுபடி பார்த்துவிட்டுத்தான் வாரைத் தொடுங்கள். கச்சேரி நடக்கும் அன்றே போய் இறங்கும் விமானத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், எடுக்காதீர்கள்.